நாற்றம்

காதிலிருந்து காதுக்கு
ஹெயார்பேண்ட் வைக்கும் கோட்டில்
திறந்து மூடினார்கள்.
எலுமிச்சை அளவு என்றார் கண்டி டொக்டர்.
பழத்தின் பெயரை மட்டும் தமிழில்,
மீதியைச் சிங்களத்தில்.
உப்பு, புளி, இனிப்பு, கசப்பு
நாக்கோடு இருக்கும்.
மற்றதெல்லாம் மூக்கின் பொறுப்பு.
வரலாம். வராமலும் விடலாம்.

தலவாக்கலைக்குத் திரும்பிய மறுநாள்
தங்கவேல்ராஜ் பாலை அடிப்பிடிக்க விட்டு
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கரண்ட் பில் வாசித்துக்கொண்டிருந்தேன்.
புகை கண்ணைக் கரித்த பிறகுதான்
அது பரீட்சை என்று விளங்கியது.
இருவரும் அதைப் பேசவில்லை.
சட்டியை அவரே தேய்த்தார்,
வெகுநேரம்.

கட்டச் சம்பல் எரிந்தது, அவ்வளவுதான்.
பாண், ஈரப் பஞ்சு.
பிளேன்டீ என்றால் சூடு,
சீனி போட்டால் இனிக்கும் சூடு.
பெக்டரியில் கொழுந்து வாடும் இரவுகளில்
நிரோஷிகா ஜன்னலைத் திறந்து வைப்பாள்.
எனக்குக் குளிர் மட்டும் உள்ளே வரும்.

நெற்றி இன்னொருத்தியுடையது.
பொட்டு எங்கே வைத்தேன் என்று
விரலுக்குத் தெரியும், நெற்றிக்குத் தெரியாது.
"டீச்சர், பொட்டு புருவத்துல நிக்கிது"
என்றான் தரம் ஒன்பது வினோஜ்காந்த்.
வகுப்பு சிரித்தது. நானும்.
சாய்ந்தடிக்கும் மழையில்
கன்னத்தில் விழுவது மழை,
நெற்றியில் விழுவது சத்தம்.

ஒருநாள் முடியோரத்தில் அட்டை.
சுகுணவதி டீச்சர் அலறிக்கொண்டு
உப்புப் போத்தலோடு ஓடிவந்தார்.
எப்போது ஏறியதோ.
உருண்டு கொழுத்துக் கிடந்தது.
அந்த வருசம் என் வீட்டில்
ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

இரவில் உச்சியில் அரிக்கும்.
சொறிந்தால் புருவத்தில் கேட்கும்.
வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போல.

எட்டாம் மாதம்,
ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்,
பேங்கில் கையெழுத்து வைத்துவிட்டு
நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றேன்.
கழிவறைச் சுவர்ப் பக்கமிருந்து
என்னமோ வந்து மூக்கில் முட்டியது.
முதலில் பயம்,
தலைக்குள் ஏதும் வெடிக்கிறதோ என்று.
பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன:
மூத்திரம். பிளீச்சிங் பவுடர்.
சந்தையில் கொட்டிய அழுகல் கோவா.
அடியில் டீசல்.

அந்தச் சொல்லுக்கு முன்காலத்தில்
நறுமணம் என்று பொருள்.
பத்தொன்பது வருடம் கரும்பலகையில்
எழுதிக் காட்டியிருக்கிறேன்,
நம்பாமல்.

சுவரருகே போய் நின்றேன்.
கால்சட்டை ஜிப்பை இழுத்தபடி வெளியே வந்தவர்
என்னைப் பார்த்து, போர்டைப் பார்த்து,
மறுபடி என்னைப் பார்த்தார்.
நுவரெலியா நுவரெலியா என்று
கண்டக்டர் கத்தினான். பஸ் போயிற்று.
போனில் அவரைக் கூப்பிட்டேன்.
"மணக்குது."
"என்ன மணக்குது?"
சுற்றிலும் ஆட்கள்.
எதைச் சொல்ல.

அடுத்த பஸ் கொட்டகலை தாண்டுமுன்
எல்லாம் போய்விட்டது.
புடவைத் தலைப்பு, ரூபாய் நோட்டு,
முன் சீட்டுக்காரியின் மல்லிகை,
ஒவ்வொன்றாக முகர்ந்தேன்.
ஒன்றுமில்லை.
அவள் திரும்பிப் பார்த்து
பூவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை
ஹட்டனில் எனக்கு எந்த வேலையும் இல்லை.
அரைநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.