நூறு டாலருக்கு அறுபது சதம்

கர்லிங் அரங்கின் மாடியறை.
கண்ணாடிக்குக் கீழே பனித்தரையில்
ஒருவன் கல்லைத் தள்ளிவிடுகிறான்,
இருவர் அதன் முன்னால் ஓடி ஓடிப் பெருக்குகிறார்கள்.
மேலே நாங்கள் நாற்பத்தோரு பேர்.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வண்டிகள் எல்லாம் மின்கயிற்றில் கட்டுண்டு
சுவரோரம் நிற்கின்றன.

எஸ்டன் ஊர், பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
பேசுபொருள்: பருப்பு விதையை மேம்படுத்தும் செலவு
யார் தலையில்.
அதாவது, என் சம்பளம்.
அங்கே யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை.

ஆர்வில் க்வால்ஹைம் எழுந்தார்.
தொப்பி மறைத்த நெற்றி மட்டும் வெள்ளை.
"என் குதிரிலிருந்து என் மண்ணுக்குப் போகிற விதை.
நடுவில் நின்று கை நீட்டுவது யார்?"
கைதட்டினார்கள். நானும் தட்டப் போனேன்.
நீட்டிய கைகளில் ஒன்று என்னுடையது என்று
பிறகுதான் உறைத்தது.

மார்லிஸ் என்ஸ் கணக்கு நோட்டோடு வந்திருந்தாள்.
"நூறு டாலருக்கு அறுபது சதம் ஏற்கெனவே தருகிறோம்.
அதில் பிறந்த விதைக்கு இன்னொரு உரிமைத்தொகையா?
சொந்தப் பிள்ளையைப் பார்க்க
டிக்கெட் எடுக்கச் சொல்கிறீர்கள்."

கம்பெனிக்காரர் மென்மையாகப் பேசினார்.
அவர் சட்டையின் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
டாரில் ஹ்னாட்யூக் ஒட்டாவாவைத் திட்டினார்,
மழை பெய்யாததற்கும் சேர்த்து.
பின்வரிசையில் ஒரு குரல்:
"தின்கிறவன் தரட்டுமே!"
சிரிப்பு.
தின்கிறவன் இங்கே இல்லை.
தின்கிறவள் வவுனியாவில் ஒரு கடை வாசலில்
ஒரு கிலோ கேட்டு, விலை கேட்டு,
அரைக் கிலோ ஆக்கிக்கொள்கிறாள்.
அவள் என் மச்சாள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
இவர்கள் பார்க்கிறார்கள்,
தசமப் புள்ளிக்கு அப்பால் இரண்டு இடம் வரை.
அந்த உழக்கு யார் வீட்டுக்குப் போயிற்று என்று
ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

"ஆய்வு நிலையத்துப் பெண் ஏதாவது சொல்வாளா?"

என்ன சொல்ல.
பருப்புப் பூ ஓர் அரிசிமணி நீளம்.
அது திறக்குமுன் முந்திக்கொண்டு
இடுக்கியால் இதழ் விலக்கி
பத்து மகரந்தப் பைகளையும் எடுக்க வேண்டும்.
பெருமூச்சு விட்டால் போச்சு.
நூற்றில் முப்பது பிடிக்கும்.
காம்பில் சிவப்பு நூல் கட்டி, தேதி எழுதி,
அப்புறம் பதினோரு வருடம்.
இதையா சொல்வது.
"வேரழுகலைத் தாங்குகிற ஒரு வரிசை இருக்கிறது," என்றேன்.
"நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பெயர் இன்னும் வைக்கவில்லை."

நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது.
வேரழுகல் எல்லோர் வயலிலும் இருந்தது.

ஆர்வில்தான் கேட்டார், எப்போது கைக்கு வரும் என்று.
"ஏழு வருடம். பணம் நிற்காவிட்டால்."
"எனக்கு எழுபத்தொன்று," என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார்.
"சரி, அந்த ஏழை யார் சுமப்பது?"
அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார்.
என் காதில் விழும்போது அது
வேறொரு கேள்வியாகவும் விழுந்தது.

வாக்கெடுப்பை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள்.
என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

காப்பிப் பாத்திரத்தருகே ஒரு தகர டப்பா:
இயன்றதைப் போடவும்.
நான் இரண்டு டாலர் போட்டேன்.
அரங்கைப் பூட்ட வந்த பெண் கவிழ்த்து எண்ணினாள்.
நாற்பத்தோரு கோப்பை, பத்தொன்பது டாலர்,
ஒரு சட்டைப் பொத்தான்.
"பரவாயில்லை," என்றாள்,
"போன மாதம் பொத்தானும் இல்லை."

சாஸ்கட்டூனுக்கு இரண்டரை மணி நேரம்.
விடியும் முன் கண்ணாடிக் குடிலில்
அறுபத்திரண்டு மொட்டுகள் திறக்கப் பார்க்கும்.
முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
ஆர்வில் வந்து, கேட்காமலே
என் காரின் மின்கயிற்றைப் பிடுங்கி,
முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றி
ஜன்னல் வழியே நீட்டினார்.
இரண்டு எட்டுப் போனவர் திரும்பி வந்தார்.

"நாலாயிரத்து எத்தனை?"