ஆரஞ்சு உறை, டைப் ஏ

இதுவும் தாமிரம், அதுவும் தாமிரம்,
மீட்டருக்கு ஐம்பத்தாறு ரூபாய் எதற்குக் கூட?
சாவந்த் கேட்டார், பர்ச்சேஸ் மேஜையில் இரண்டு துண்டுகளை உருட்டியபடி.
கறுப்பு, லோஹார் சாலில் ஜிக்னேஷ் ஷா
கட்டிங் சாயோடு சும்மா அறுத்துக் கொடுத்தது.
ஆரஞ்சு, நான் கேட்டது.

கத்தியால் உறையை உரித்தேன்.
உள்ளே தகடு. தகட்டுக்குள் இரண்டு கம்பிகள்,
இறுகப் பின்னிய சடை மாதிரி.
எங்கள் வீட்டில் ஒருவர் முறுக்கிக்கொண்டால்
மூன்று நாளைக்குப் பேச்சிருக்காது.
இங்கே முறுக்கினால்தான் பேச்சு.
இதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
"நாய்ஸ்" என்றேன்.
அவருக்கும் அது புரிந்த மாதிரி இருந்தது.

ட்ரேயில் பழைய கேபிள் கிடக்கிறதே?
கிடக்கிறது சார், தட்டிப் பார்த்தேன், அளந்தும் பார்த்தேன்.
ஜோடிக்கு ஓர் எண் என்று வாழ்ந்து பழகியது.
நான்கு மில்லியாம்ப் என்றால் காலி, இருபது என்றால் தளும்பல்,
நடுவில் கொஞ்சம் உளறினாலும் யாரும் கோபித்ததில்லை.
இனி பன்னிரண்டு தொட்டிக்கு ஒரே ஜோடி.
சோறும் அதில்தான், சொல்லும் அதில்தான்,
நொடிக்கு முப்பத்தோராயிரத்துச் சொச்சம் துடிப்பு.
செம்பூர் ஸ்டேஷன் வாசலில் பாருங்கள்,
மழையில், குடை இடிக்காமல், ஒருவர் பின் ஒருவராக.
இதன் பெயரும் பஸ்தான்.

சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை.
எழுதிக் கொடு என்றார்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர் தாய்க்கம்பி,
கிளைகள் தனி, மொத்தம் ஆயிரத்து எழுநூற்றைம்பது.
இரு முனையிலும் டெர்மினேட்டர்,
இல்லையென்றால் சொன்னது முட்டித் திரும்பும்,
தன் குரலே குறுக்கே வந்து நிற்கும்.
கவசம் ஒரு முனையில் மட்டும் மண்ணைத் தொடட்டும்.
எழுதும்போதே கூட்டிப் பார்த்தேன்:
தொண்ணூற்றெட்டாயிரம் கூடுதல்.
என் ஒன்றரை மாதச் சம்பளம்.
காண்ட்ராக்டர் இர்ஃபானின் பையன்கள் எட்டுப் பேருக்கு
எத்தனை நாள் கூலி என்று மட்டும் கணக்குப் போடவில்லை.

ஜூலையில் இழுத்தார்கள்.
மாஹுல் சேறு முழங்கால்வரை, ட்ரம் உருள மறுத்தது,
"ஜோர் லகா" என்றவன் தொண்டை கட்டிப்போனான்.
திருப்பத்தில் கேபிளை மடக்காதே, வளை என்று
நான் கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்து போயின.

பதினொன்று பேசின.
ஒன்பதாம் தொட்டி மட்டும்
பெரிய பம்ப் கிளம்பும்போதெல்லாம் காணாமல் போனது.
சாவந்த் போனில் ஒன்றும் சொல்லவில்லை,
ஆரஞ்சு என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ராத்திரி பதினொன்றே கால். டார்ச்சை வாயில் கவ்வி
ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன்.
வெட்டிய கவசத்திலிருந்து ஒரே ஓர் இழை,
முடியைவிட மெலிசு,
கிளாண்டின் உலோகத்தில் சாய்ந்து கிடந்தது.
இரண்டாவது மண்.
நறுக்கினேன்.
கேபிளைத் திட்டிய மூன்று நாளும்
அந்தப் பெட்டியை மூடியது யார் என்று எனக்குத் தெரியும்.
நான்தான். மழை வலுத்திருந்தது, அவசரம்.

பம்ப் கிளம்பியது. ரேடியோவில் கன்ட்ரோல் ரூம்:
ஒன்பது, ஆறு புள்ளி நான்கு இரண்டு மீட்டர்.
மறுபடியும், ஆறு புள்ளி நான்கு இரண்டு.
ஈர இரும்பில் முதுகைச் சாய்த்து
அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ஆடிட்டில் இருபத்திரண்டு மீட்டர் உதைக்கிறது.
வேஸ்டேஜ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
கேட்டுக்கு வெளியே, லேபர் ஷெட் பக்கம்,
ஆரஞ்சுக் கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது.
இரண்டு முனையும் கட்டியிருக்கிறது.
அதற்கு அப்படித்தான் கட்ட வேண்டும்.