இரண்டாம் பக்கம்

உகயாலி ஆற்றில் எங்கள் படகுக்குப் பேரே
அது போடும் சத்தம்தான்:
பெக்கெ பெக்கெ.
முதல் பெக்கெ வந்து அடுத்தது வராவிட்டால்
நடு ஆற்றில் நிற்கிறோம் என்று பொருள்.
நிற்கிறோம் என்பதும் பொய்.
ஆறு நிற்க விடாது.

அன்றைக்குப் படகில் பதினெட்டு வாழைத்தார்,
ஒரு பன்றி, பன்றிக்காரி ஓடிலா,
அப்புறம் பெனிக்னோ துவானாமா,
மடியில் ஒரு கோப்போடு.
என் அண்ணன் எலேசர்மேல் வழக்குப் போட
என் படகில்தான் போகிறார் புகால்பாவுக்கு.
கட்டணம் கொடுத்துவிட்டார்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு
அடிபோல்ட்டைக் கழற்றினேன்.
கிண்ணம் கையோடு வந்தது.
உள்ளே பெட்ரோலுக்கு அடியில்
மீன்கண் மாதிரி உருளும் தண்ணீர்.
குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்கும் ரெய்னேரியோவின் கைவண்ணம்.
அவனை ஒரு வார்த்தை வைதேன்.
ஓடிலா இரண்டு வைதாள்,
அவள் அவனுக்குச் சித்தி.

மிதவையைக் காதருகே ஆட்டினேன்.
உள்ளே சலசலக்கவில்லை, ஓட்டையில்லை.
ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன்,
ஊசிமுனை வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில்
இருட்டு.
கம்பி விட்டால் பித்தளை கீறும்,
துளை பெருத்தால் எஞ்சின் குடிகாரனாகிவிடும்.
பன்றியின் முதுகைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை ஓடிலா பார்த்தாள்.
“ஒரே ஒரு மயிர்” என்றேன்.
பன்றி போட்ட கூச்சலில்
அக்கரைக் கொக்குகள் எழும்பின.

வெளியே வந்தது கடுகில் பாதி,
துருவும் பிசினுமாய்.
அதற்காகத்தான் இத்தனை பேரும்
ஆற்றோடு போய்க்கொண்டிருந்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம்.
முழுசாய்ப் பார்த்துவிடுவோம் என்று
கார்புரேட்டரையே இறக்கியது என் பேராசை.
கேஸ்கட் பாதி எஞ்சினில், பாதி என் நகத்தில்.
அந்தச் சந்தில் காற்று புகுந்தால்
இருமும், ஓடாது.
பீர் அட்டை நனைந்து கூழாகியிருந்தது.
வாழை இலை எத்தனையோ வேலைக்கு ஆகும்,
இதற்கு ஆகாது.

யாரும் கோப்பைப் பார்க்கவில்லை.
எல்லோரும் பார்க்காமலிருந்தது
அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.
நோட்டரியின் கெட்டித்தாள்கள், நான்கு.
எச்சில் தொட்டுப் புரட்டி
ஒன்றை உருவி நீட்டினார்.
“இரண்டாம் பக்கம். எல்லைகள்.
இது எனக்கு மனப்பாடம்.”

மடித்து விளிம்பின்மேல் வைத்து
கிரீஸ் விரலால் தேய்த்தேன்.
அழுக்கில் மெல்ல எழுந்தது வடிவம்:
நடுவில் ஒரு வட்டம், இருபக்கமும் இரண்டு காது.
மீன் கத்தியால் நான் அரிய அரிய
அவர் ஒப்பித்துக்கொண்டே வந்தார்:
வடக்கே லுபூனா மரம்,
கிழக்கே எலேசர் மறித்த ஓடை,
தெற்கே...
தெற்கில் கொஞ்சம் தடுமாறினார்.
போல்ட் துளைகளை
காலித் தோட்டாவால் குத்தினேன்.

எட்டாவது இழுப்பில்
பெக்கெ.
மூச்சை அடக்கினோம், பன்றிகூட.
பெக்கெ பெக்கெ பெக்கெ.

துறையில் இறங்கி மூன்று தாளோடு படியேறினார்.
சாயங்காலம் அதே மூன்றோடு இறங்கினார்.
“இரண்டு எங்கே என்றான் குமாஸ்தா.
ஆற்றில் ஓடுகிறது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அடுத்த வியாழன் திரும்ப அடித்து எடுத்து வருவேன்.”
“வாங்க, அதே கட்டணம்தான்” என்றேன்.
தாளுக்குத் தள்ளுபடி அவரும் கேட்கவில்லை.
ஏறும்போது மட்டும் எஞ்சினைக் காட்டி,
“தாங்குமா?”
“அடுத்த வியாழன்வரை.”

ராத்திரி எலேசர் வந்து படகைக் கட்டினான்.
டார்ச்சை அடித்து எஞ்சினைத் துடைத்தவன்
ஓரத்தில் துருத்திய தாளில்
தன் பேரின் பாதியைப் படித்தான்.
“இது என்ன?”
“கேஸ்கட்.
நோண்டாதே, கிழிந்துவிடும்.”