பறப்பவன் காத்திருக்கட்டும்

சர்க்கரை ஆலை இனிப்பாக மணக்காது.
வேகவைத்த மண்ணின் வாடை அது,
செப்டம்பரில் தலைமுடியில் ஏறினால்
ஜனவரி வரை இறங்காது.
போலந்தின் குயாவியச் சமவெளியில் இரவும் பகலும்
லாரிகள் பீட்கிழங்கைக் கொட்டுகின்றன.
நூற்றிருபது நாள். நிறுத்தக் கூடாது.
நின்றால் சாறு குழாயிலேயே புளிக்கும்.

ஆனால் நின்றது.
மூன்று ஞாயிறுகள், மாலை நான்கு மணிக்கு மேல்,
கிழங்கைச் சீவும் கத்தி உருளை
காரணம் சொல்லாமல் நின்றது.
மோட்டாரை மாற்றினார்கள்.
கேபிளை மாற்றினார்கள்.
ஷிஃப்ட் தலைவர் செவெரின்
தன் தொப்பியைக்கூட மாற்றிப் பார்த்தார்.
பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கத்திக்கும் அதை ஆளும் பெட்டிக்கும் இடையே
ஒரே ஒரு பேச்சுதான்,
எட்டு மில்லிநொடிக்கு ஒருமுறை:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
மூன்று முறை பதில் வராவிட்டால்
செத்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டு
கத்தி கையைக் கட்டிக்கொள்ளும்.
அதன் ஒழுக்கம் அப்படி.

பதில் எங்கே தங்குகிறது?
அலமாரிக்குள் மாட்டிய சாம்பல்நிற ஸ்விட்சில்
போர்ட் கணக்குகளை வரிவரியாகப் படித்தேன்.
ஏழாம் போர்ட் வீங்கியிருந்தது.
அதன் கேபிளைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்,
கிழங்கு மிதக்கும் வாய்க்கால் தாண்டி,
எடைமேடை தாண்டி,
கேன்டீன் வரை.

சுவரில் பெரிய திரை.
பனிமலைத் தாவல் போட்டி.
மேசைக்கு மேசை செல்பேசியிலும் அதே போட்டி,
வேறு வேறு கோணத்தில்.
பதினெட்டுப் பேர் மூச்சைப் பிடித்திருக்க
ஒருவன் காற்றில் இருந்தான்.
சமையலறை ஹால்ஷ்கா கரண்டியை உயர்த்தி
"உட்காரு, அடுத்தது நம்ம பையன்" என்றாள்.
உட்கார்ந்தேன்.
நூற்று முப்பத்தொன்பது மீட்டர்!
அந்தக் கூச்சலுக்குள்
சுவருக்கு அப்பால் கத்தி நின்ற மௌனம்
எனக்கு மட்டும் கேட்டது.

தடை செய் என்றார் செவெரின்.
பன்னிரண்டு மணிநேரம் கிழங்கு கழுவுகிறவர்களிடம்
நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

திங்கள் இரவு இரண்டு மணிக்குப் பிரித்தேன்.
ஒரே கம்பிக்குள் சுவரில்லாத அறைகள்:
பத்தில் கத்தியும் மோட்டார்களும்,
முப்பதில் கேமராக்கள்,
தொண்ணூறில் கேன்டீன்.
ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும்
நான்கு பைட் சீட்டு,
எந்த அறை, எத்தனையாம் வரிசை என்று.
ஏழை, ஸ்விட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ள விட்டுவைத்தேன்.
'இருக்கிறாயா'வுக்கு ஆறு.
கேமராவுக்கு நான்கு.
பனியில் பறப்பவனுக்குப் பூஜ்யம்.
இந்தப் பந்தியில் இனிமேல்
பருத்தவன் முந்த முடியாது,
பசி பொறுக்காதவனுக்கே முதல் இலை.

என்ட்டர் தட்டினேன்.
திரை உறைந்தது.
ட்ரங்க் போர்ட்டில் நான் அனுமதித்த பட்டியலில்
எல்லாரும் இருந்தார்கள்,
நான் நுழைந்த அறையைத் தவிர.
அமர்ந்த கிளையை
எண்ணி எண்ணி அறுத்திருக்கிறேன்.
மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால்
சேமிக்காத கட்டளையை ஸ்விட்ச் மறந்துவிடும்.
கத்தியும் நின்றுவிடும்.
ஆகவே நீலநிறக் கன்சோல் கேபிளைக்
கழுத்தில் சுற்றிக்கொண்டு
சுண்ணாம்புச் சூளை வரை பனியில் நடந்தேன்,
நானூறு மீட்டர்,
இரண்டு இலக்கம் தட்டுவதற்காக.
அலமாரிக்குள் பச்சை விளக்குகள்
யார் நீ என்று கேட்காமல் சிமிட்டின.
கையுறையைக் கழற்றினேன்.
விரல் இரும்பில் ஒட்டியது.
தட்டினேன்.
இந்த முறை, முதல் வேலையாகச் சேமித்தேன்.

நான்காம் ஞாயிறு.
அதே கூட்டம்.
நம்ம பையன் மேடையை விட்டுப் பாய்ந்தான்,
உடம்பைக் கத்திபோல் நீட்டினான்,
அப்படியே நின்றான்
நடுவானத்தில்.
அவன் நெஞ்சின்மேல்
சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
பதினெட்டுத் தலைகளும் திரையைப் பார்க்க
ஹால்ஷ்கா மட்டும் திரும்பி
என்னைப் பார்த்தாள்.
சுவருக்கு அப்பால்
கிழங்கு சீவும் ஓசை
விடாத தூறலாய்.
இருக்கிறாயா.
இருக்கிறேன்.

அவன் எப்போது தரை தொட்டான் என்று
எனக்குத் தெரியாது.
என் தட்டில் அன்று
பியெரோகி இரண்டு குறைவு.