விழுந்த தாங்கி

இரணைமடு பார்க்கத்தான் வெளிக்கிட்டோம்.
அகரன் வழியிலேயே அலுவலை முடித்துவிட்டான்.
கிளிநொச்சியில், ஓட்டோவை
இங்கே மறிக்க வேண்டியதாயிற்று.

தெற்கிலிருந்து ஒரு சுற்றுலா பஸ்.
மாறி மாறிப் படமெடுக்கிறார்கள்.
நிழலென்று இருப்பது
சரிந்த தாங்கியின் நிழல் மட்டும்.
அதில் துவாய் விரித்துப் பம்பஸ் மாற்றினேன்.

முறுகிய கம்பிக்குக் கை நீட்டி
'ஊ' என்றான்.
தாங்கியும் 'ஊ' என்றது.
திரும்பவும். திரும்பவும்.
சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது.

பஸ்காரி ஒருத்தி ஓடிவந்தாள்,
போத்தல் மூடியில் ஊற்றி நீட்டினாள்:
"வத்துர."
இரண்டு சொட்டு நாக்கில் வைத்தேன்.

செந்தூரன் உள்ளே வரவேயில்லை.
பத்து வயதுவரை இந்தத் தாங்கித் தண்ணீர் குடித்தவர்.
வாசலில் நிற்கிறார்,
சுருட்டிய பம்பஸோடு,
குப்பைவாளி எங்கேயென்று
காவலாளியிடம் கேட்டுக்கொண்டு.