பேனா பையில் இருந்தது

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
கடைசிக் கட்டோடு தபால்காரர்
காரைக்குடிக் கல்லூரிப் படியேறினார்.
வியர்வை, கையொப்பம், ஏழு ஐம்பது என்று பதிவு.
எட்டுக்குப் பிறகு வருவது
உறை கிழியாமலே தனிக்கட்டில் தூங்கும்.

மூன்றாம் மேசை எனக்கு.
மற்ற நாளில் நான் புதுவயல் மாட்டு டாக்டர்.
கம்பிவலைக்கு அந்தப்பக்கம் முகவர்கள்,
தலைக்கு மேல் கேமரா,
செல்போன்கள் வாசலில், டோக்கனுக்கு.

பெரிய உறைக்குள் இரண்டு:
உறுதிமொழித் தாள் ஒன்று, ஒட்டிய சின்ன உறை ஒன்று.
தாள் இன்னார் என்று சொல்லும்.
உறை எவருக்கென்று சொல்லாது.
தாளில் உள்ள எண்ணும் உறைமேல் உள்ள எண்ணும்
சம்பந்திகளைப் போலன்றி
ஒத்துப்போக வேண்டும்.
ஒத்துப்போனதும் பிரித்துவிடுவோம்,
எந்தக் கையும் திரும்பச் சேர்த்துவைக்க முடியாதபடி.

பனிமலையிலிருந்து வந்த ராணுவ உறையைக்
கருவி ஒன்று முகர்ந்து பார்த்தது.
ஒரே ஆள் இருமுறை அனுப்பியிருந்தால்
அது குரைத்திருக்கும்.
குரைக்கவில்லை.

நூற்றுப் பதினேழாவது உறையில்
என் முத்திரை.
ஊதா மை, கொஞ்சம் கோணல்.
தேவகோட்டைப் பயிற்சி வகுப்பில்
சாப்பாட்டு மணிக்கு முன் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.
குத்தி, கையெழுத்திட்டு, குத்தி, கையெழுத்திட்டு,
இதில் குத்தியதோடு நின்றிருக்கிறேன்.
ம. அடைக்கலமேரி, அங்கன்வாடிப் பணியாளர்.
அவர் கையெழுத்து இருந்தது,
பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே உருண்டை எழுத்தில்.
என்னுடையது இருக்கவேண்டிய இடம்
வழித்த இலைபோல் இருந்தது.

பேனா பையில் இருந்தது.
ஒன்றரை விநாடி வேலை.

'முத்திரை இல்லாம கையெழுத்து இருந்தா
ஏத்துக்கலாம்னு சொல்றாகள்ல,
இது திருப்பிப் போட்ட கேசுதானே?' என்றார்
வலைக்குள் மூக்கை விட்டிருந்த வயிரவன்.
'திருப்பிப் போட்டா தோசைதான் ஆகும்,
சட்டம் ஆகாது' என்றார் எதிர்க்கட்சி முகவர்.
இருவருக்குமே தெரியாது
உள்ளே இருப்பது யாருடைய ஓட்டு என்று.
எனக்கும்.

சின்ன உறையைப் பிரிக்காமல்
தாளோடு பெரிய உறைக்குள்ளேயே திருப்பி வைத்து
மேலே எழுதினேன்: சான்றொப்பம் இல்லை.
கீழே கையெழுத்திட்டேன்.
அன்று இடாதது
இன்று முழுசாக, சுழியோடு விழுந்தது.

இரவு ஒன்பதரைக்கு இயந்திரங்கள் ஓய்ந்தபோது
வித்தியாசம் பதினொன்று.
தள்ளிய தபால் ஓட்டு முப்பத்தொன்று.
தள்ளியது கூடுதலென்றால்
எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.
தேர்தல் அலுவலர், பார்வையாளர், வீடியோக்காரர்,
ஆறிய டீ.
ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள்.
நூற்றுப் பதினேழு வந்தது.
'இது யாரு முத்திரை?'
'என்னுது சார்.'
அலுவலர் என்னைப் பார்த்தார்,
நான் கேமராவைப் பார்த்தேன்.
அது ஒருமுறை கூடக் கண் சிமிட்டவில்லை.
முப்பத்தொன்றும் முப்பத்தொன்றாகவே
அரக்கு வைத்த பெட்டிக்குள் போயின.

மூன்றாம் வாரம்
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோடு வந்தார் அடைக்கலமேரி.
வெள்ளாடு, வயிறு உப்பல்.
'பதினோரு ஓட்டாம்ல சார்,
நம்ம ஓட்டெல்லாம் சேந்து போட்டதுதான்' என்றார்.
எந்தப் பக்கம் என்று முகத்தில் இல்லை.
கேட்கவும் கூடாது.
சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை.
ஆட்டின் வாயில் எண்ணெய் ஊற்றினேன்.
சீட்டில் மருந்து எழுதி, முத்திரை குத்தி,
கையெழுத்திட்டேன்.
அவர் வாசல் தாண்டியதும் கூப்பிட்டு
சீட்டை வாங்கி
மறுபடி ஒருமுறை பார்த்தேன்.