நூற்றுக்குப் பதினொன்று ஈரம்

பட்டு தண்ணீர் குடிக்கும்.
வியாபாரிகளுக்கும் இது தெரியும்.
மார்செய் துறைமுகத்தில் மூட்டை இறங்கிய இரவே
நனைத்த சாக்கை மேலே போர்த்தி
எடையைக் கூட்டி
எங்கள் ஊருக்குத் தண்ணி காட்டுவார்கள்.

அதனால்தான் லியோனில் எனக்கொரு சம்பளம்.
மூட்டைக்கு இரண்டு சிட்டம் உருவி
அடுப்பறையில் தொங்கவிடுவேன்.
தராசு முள் இனி அசைய ஒன்றுமில்லை என்று
நின்றுவிடும்போது
அதுதான் உண்மையான எடை.

உண்மையான எடையில் யாரும் பட்டு விற்பதில்லை.
அத்தனை வறண்ட பட்டு
என் அடுப்பறைக்கு வெளியே உலகத்தில் எங்குமில்லை.
ஆகவே, ஈரத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறது சட்டம்:
நூற்றுக்குப் பதினொன்று.
அதுவரை நியாயம்.
அதற்கு மேல் திருட்டு.

எங்கள் புழுக்கள் செத்த கதை எல்லோரும் அறிந்தது.
மிளகுத்தூள் தூவியதுபோல் உடம்பெல்லாம் புள்ளி.
செவென் மலையில் மல்பெரி மரங்கள்
தின்ன வாயில்லாமல் தழைத்து நின்றன.
பிறகு எல்லாம் கப்பலில் வந்தது.
'த்ஸாத்லி' என்று பேரேட்டில் எழுதுகிறோம்.
ஏதோ ஊர்ப் பெயராம், ஏழு லி தூரம் என்று பொருளாம்.
எங்கிருந்து ஏழு என்று கேட்டேன்.
தரகன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒற்றைக் கொக்கு அச்சிட்ட சிவப்புச் சீட்டு மூட்டை.
சிட்டத்தின் நடுவே ஒரு தலைமுடி,
கறுப்பு, என் கையைவிட நீளம்.
சிக்கிக் கிடக்கவில்லை,
இழையோடு இழையாகச் சுற்றப்பட்டிருந்தது.
கொதிநீர்த் தொட்டியின் மேல் குனிந்தவள்
நெற்றி வியர்வையை முழங்கையால் ஒதுக்கியபோது
விழுந்திருக்கலாம்.
வெந்துபோன விரல்நுனிக்கு
முடியும் பட்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதப் பேரேட்டில் கட்டம் கிடையாது.
பட்டோடு சேர்த்தே உலர்த்தினேன்,
பட்டோடு சேர்த்தே நிறுத்தேன்,
அவளுக்கும் பதினொன்று போட்டுக் கூட்டினேன்.

அந்த மூட்டை
குருவா-ரூஸ் மேட்டில், நாலாம் மாடியில்,
பெர்னெத் ஜொமாரின் தறிக்குப் போய்ச் சேர்ந்தது.
துளையட்டைகள் தடதடத்து ஏற
முழம் முழமாக ஒரு சீனன் பிறந்துகொண்டிருந்தான்.
பாலத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறான்.
இடக்கையில் குடை. தோளில் குரங்கு.
வரைந்த அனத்தோல் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.
மீசை அவன் தாய்மாமனுடையது.

"ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் குடை.
மாட்டின மீனை எந்தக் கையால் கழற்றுவான்?"
ஊசியைப் பல்லில் கடித்தபடி பெர்னெத் கேட்டாள்.
அந்த நாட்டில் அப்படித்தான் என்று
அனத்தோல் பதில் அனுப்பியிருந்தானாம்.

முடியைப் பற்றி நான் கேட்கவில்லை.
அறுத்து எறிந்திருப்பாள்.
இல்லையென்றால்
அந்த நீலக் குடைக்குள் எங்கோ
சாயம் ஏறாமல் இருக்கிறது.

பதினான்கு மாதம் கழித்து ஷாங்காயிலிருந்து கடிதம்.
எடை சம்பந்தப்பட்டது என்று
முதலாளி என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.
எழுதியவர் தாங் ஷௌயுவான், துணி வியாபாரி.

'தாங்கள் குறித்த எடையைவிட
தங்கள் துணி இங்கே கனமாக நிற்கிறது.
குறை சொல்லவில்லை.
பிளம் பழுக்கும் மழைக்காலம் இது,
சுவரும் வியர்க்கும்.
நிற்க.
மேனாட்டுக் கிழவர் படம் போட்ட துணியை
இங்குள்ள பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள்.
மீன் பிடிக்கப் போகும்போது குரங்கைக் கூட்டிப் போவது
தங்கள் தேச வழக்கமா?
இன்னும் இருபது பீஸ் அனுப்பவும்.'

இரண்டு முறை படித்தேன்.
பிறகு, பழக்க தோஷம், கணக்குப் போட்டேன்.
நூற்றுக்குப் பதினாலு வந்தது.
மூன்று அதிகம். சட்டப்படி திருட்டு.

திருடியவர் பெயர் எழுதும் கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பரவியது.